கோட்டைக்குள் வின்னி சொன்ன பதில்

வின்னி ஸ்கான்லனோடு எங்கள் ஊரில் யாரும் சண்டை போட்டதில்லை. அவள் நல்லவள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், எல்லாருக்கும் உள்ளூரக் கொஞ்சம் பயம்.

சின்ன வயதில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்ததாம். பாதிரியார் வந்து, சாகப்போகிறவர்களுக்குப் பூசுகிற கடைசி எண்ணெயைப் பூசிவிட்டுப் போனார். பிறகு ஒரு காலையில் பிள்ளை எழுந்து உட்கார்ந்து குடிக்க மோர் கேட்டது. பிழைத்துவிட்டது. ஆனால் முன்பிருந்த பிள்ளை மாதிரி இல்லை. கூப்பிட்டால் உடனே திரும்பாது. கேட்ட கேள்விக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வரும். பெரியவள் ஆன பிறகும் அப்படித்தான். பால் கறந்துகொண்டே இருப்பாள், பாதியில் கை நின்றுவிடும். மாடு தலையைத் திருப்பி அவளைப் பார்க்கும்.

எங்கள் ஊரான லிஸ்கீராவில் இதற்கு வேறு விளக்கம் யாரும் தேடவில்லை. ஸ்கான்லன்களின் மேட்டு வயலில் கோட்டை இருக்கிறதே. மதிலும் கதவும் வைத்த கோட்டை இல்லை அது. வட்டமாய் ஒரு மண்கரை, அதைச் சுற்றித் தூர்ந்துபோன அகழி, கரைமேல் நெருக்கமாய் முள்மரங்கள், உள்ளே மெத்தென்று புல். யார் எப்போது கட்டினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. இப்போது அங்கே குடியிருப்பது யார் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். பெயர் சொல்ல மாட்டோம். ‘நல்லவங்க’ என்போம். காதில் விழுந்தால் கோபம் வரக்கூடாது இல்லையா. அந்த நல்லவர்கள் உண்மையான வின்னியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, தங்களில் ஒருத்தியைக் கட்டிலில் கிடத்திவிட்டுப் போய்விட்டார்கள் என்பது பேச்சு.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்றுகொண்டு, “எங்க வின்னிய எப்போ திருப்பித் தருவீங்க?” என்று கேட்பார்கள். அவள் இல்லை என்று தலையாட்டுவாள், ஆனால் சற்றுத் தாமதமாக. அந்தத் தாமதத்திலேயே அவர்களுக்குப் பதில் கிடைத்துவிடும். வளர்ந்த பிறகு லூக் ஃபினெரன் என்ற ஒருவனுக்கு அவளைப் பேசினார்கள். கேக் வெட்டும் கத்தி வரைக்கும் கடன் வாங்கியாகிவிட்டது. அப்போது லூக்கின் அம்மா ஒரு நாள் மழையில் நனைந்தபடி வந்து, தன் வீட்டுத் தொட்டிலை இவளை நம்பி ஒப்படைக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனாள். வின்னி அழவில்லை. அவளுக்கு உண்மையில் வலித்தது வேறு. அவள் அப்பா மாட்டி ஸ்கான்லன் அவள்மேல் உயிரையே வைத்திருந்தவர். அவரும் இரண்டு மடக்கு உள்ளே போய்விட்டால், அடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து தன் மகள் முகத்தில் எதையோ தேடுகிற மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாராம். என் மகள்தானா என்று.

எங்கள் பக்கத்துக்கு மின்சாரம் வந்தபோது வின்னிக்கு முப்பது தாண்டியிருந்தது. கம்பம் நடுகிறவர்களுக்கு முன்னால் ஒரு ஆள் வருவான். தோளில் மரமுளைகளைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, எங்கெங்கே குழி தோண்ட வேண்டுமோ அங்கெல்லாம் ஒரு முளை அடித்துக்கொண்டே போவான். அவன் பெயர் கோல்மன் ஹேகர். தெற்கே கிளேர் கடற்கரைக்காரன். நெட்டையான ஆள், அதிகம் பேசமாட்டான்.

அவன் கையிலிருந்த வரைபடத்தில் கம்பி நேராகக் கோட்டைக்குள் புகுந்து வெளியே வந்தது. குழி தோண்ட வந்த எங்கள் ஊர் ஆட்கள், எங்கே வேண்டுமானாலும் தோண்டுகிறோம், அங்கே மட்டும் மண்வெட்டி இறங்காது என்று சொல்லிவிட்டார்கள். படம் போட்டவர்கள் கோட்டையைப் பார்த்ததில்லை என்று கோல்மன் சமாதானம் சொல்லிப் பார்த்தான். பிறகு, முளையாவது நான் அடித்துவிட்டு வருகிறேன் என்று ஒரு மதியம் தனியாகவே மேட்டில் ஏறினான். அது நவம்பர் மாதம். இறந்தவர்களுக்காக ஜெபம் சொல்லும் மாதம்.

அதே மதியம் வின்னி ஒரு கிடாரியைத் தேடிக்கொண்டு மேலே போயிருந்தாள். குளிருக்கு இறந்துபோன தன் அம்மாவின் நீளமான கம்பளிச் சால்வையைத் தலையோடு போர்த்தியிருந்தாள். கரையில் மாடு நுழைகிற அளவுக்கு ஒரு இடைவெளி உண்டு. அதன் வழியாக உள்ளே போனால், கிடாரி சாவகாசமாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதை எழுப்ப மனம் வராமல் அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போது மூடுபனி இறங்கியது.

அந்தப் பனியைப் பற்றிச் சொல்லும்போது வின்னியின் குரலே மாறிவிடும். பால் காய்ச்சும்போது ஏடு படிகிற மாதிரி சத்தமில்லாமல் வந்து மூடியதாம். முதலில் மலை போனது, பிறகு முள்மரங்கள், பிறகு கரை. தன் கையும் கிடாரியின் முதுகும் மட்டும் மிச்சம். எங்கோ சுத்தியல் தட்டும் சத்தம் கேட்டது, நின்றது. பிறகு காலடி. யாரோ கரையைக் கையால் தடவிக்கொண்டே உள்பக்கமாகச் சுற்றி வந்தார்கள். அவளைத் தாண்டிப் போனார்கள், இடைவெளியையும் தாண்டிப் போனார்கள், மறுபடி சுற்றி வந்தார்கள். எங்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். சில இடத்துப் புல்லை மிதித்துவிட்டால் வாசல் கண்ணில் படாது. சொந்த வயலிலேயே விடிய விடியச் சுற்றியவர்கள் உண்டு.

அந்த ஆள் மறுபடியும் பக்கத்தில் வந்தபோது வின்னி, “வாசலைத் தாண்டிப் போறீங்க” என்றாள்.

காலடி நின்றது. பனிக்குள்ளிருந்து கோல்மன் வந்தான். அவன் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். தலை முதல் கால் வரை பழங்காலத்துச் சால்வை, அதன்மேல் பனித்துளி மணிமணியாக மின்னுகிறது. பக்கத்தில் வெள்ளைக் கிடாரி, காது மட்டும் சிவப்பு. சிவந்த காதுள்ள வெள்ளை மாடு யாருடைய மாடு என்று கிளேரிலும் சொல்லித்தான் வளர்த்திருப்பார்கள்.

அவன் தொப்பியைக் கழற்றினான்.

“நீங்க இங்க இருக்கிறவங்களா?” என்று கேட்டான்.

வழக்கம்போல வின்னிக்குப் பதில் தாமதமானது. தொண்டை வரைக்கும் ‘இல்லை’ என்பதுதான் வந்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். வாழ்நாளெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய ‘இல்லை’. ஆனால் அவளிடம் இதுவரை கேட்டவர்கள் எல்லாரும் சீண்டிக் கேட்டார்கள். இவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மரியாதையாகக் கேட்கிறான்.

“ஆமா,” என்றாள். “இங்கதான் இருக்கேன்.”

அவன் ஓடவில்லை. சிலுவை போட்டுக்கொள்ளவில்லை. அவள் எதிரே புல்லில் உட்கார்ந்தான். பிறகு அவன் பேச ஆரம்பித்தான். அவனுக்கு ஒரு தம்பி இருந்தான், செனன் என்று பெயர். நண்டுக் கூடை எடுக்கப் படகில் போனவன் திரும்பவில்லை. படகு கரை ஒதுங்கியது, ஆள் ஒதுங்கவில்லை. கடலோரத்துக் கோட்டையில் இருக்கிறவர்கள்தான் பிள்ளையை எடுத்துக்கொண்டார்கள், ஒரு நாள் விட்டுவிடுவார்கள் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறாள். குளிர்காலத்திலும் கதவைத் தாழிடுவதில்லை. இரவில் தட்டு வைக்கிறாள். அவனுக்காகப் பூசை வைக்க விடமாட்டேன் என்கிறாள். பூசை வைத்துவிட்டால் அவன் செத்தவன் ஆகிவிடுவானாம்.

“அவன் உங்ககிட்ட இருக்கானா?” என்று கேட்டான். “இருந்தா இருக்கான்னு சொல்லுங்க. திருப்பிக் கேக்க மாட்டேன். அம்மாவுக்குத் தெரிஞ்சாப் போதும்.”

வின்னிக்குத் தான் சொன்ன ‘ஆமா’வின் கனம் அப்போதுதான் தெரிந்தது. எழுந்து, நான் மாட்டி ஸ்கான்லன் மகள், மாடு தேடி வந்தேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் இவன் இத்தனையையும் ஒரு ஊர்க்காரியிடம் கொட்டியதற்குக் கூனிக் குறுகிப் போவான். கேட்ட கேள்வியும் அப்படியே கிடக்கும். எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் அவசரப்படுத்தவில்லை. பதிலுக்குக் காத்திருந்த முதல் மனுஷன் அவன்தான்.

“இல்ல,” என்றாள். “எங்ககிட்ட இல்ல. எங்கயும் பிடிச்சு வெக்கல. தண்ணியில போனவன் அன்னைக்கே போயிட்டான். ரொம்பக் கஷ்டப்படல. உங்கம்மாவ பூசை வெக்கச் சொல்லு. கதவ சாத்திட்டுத் தூங்கச் சொல்லு.”

கோல்மன் தொப்பியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். வின்னி கிடாரியின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் வாயிலிருந்து வந்த வார்த்தைகளைத் தானே முதல்முறை கேட்டதுபோல இருந்ததாம்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டதும், “அந்த முளைங்களையும் எடுத்துட்டுப் போயிடு,” என்றாள். “இங்க கம்பம் வேண்டாம்.”

“வேற எங்க நடுறது?”

“கீழ ரோட்டோரமா வளைச்சுக்க. அங்க மண்ணும் இளக்கம்தான்.”

மாட்டி ஸ்கான்லனின் மகள் இல்லாவிட்டால் இதெல்லாம் தெரியுமா என்று அவன் யோசித்ததாகத் தெரியவில்லை. புல்லில் அடித்திருந்த முளைகளைப் பிடுங்கி அள்ளிக்கொண்டான். போட்டிருக்கிற அங்கியைத் திருப்பி உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொள், வழி தெரியும் என்றாள். வழி தவறியவர்களுக்கு எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வதுதான். அவன் சட்டென்று அங்கியைக் கழற்றித் திருப்பி மாட்டினான், நடந்தான், நேராக இடைவெளிக்குள் போய்ப் பனியில் மறைந்தான். கிடாரி தானாக எழுந்து வீட்டுக்கு நடந்தது. அவள் பின்னாலேயே போனாள்.

கம்பி வளைந்தது. இன்றும் வந்து பார்க்கலாம், மேட்டடியில் காரணமே இல்லாமல் ரோட்டுப் பக்கம் ஒதுங்கி, அப்புறம் நிமிர்ந்து போகும். மேற்பார்வைக்காரர் கோல்மனைக் கண்டபடி திட்டினார். அவன் வாய் திறக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனான், திரும்பி வந்தான். அவன் முகம் தெளிந்திருப்பதாக அவன் தங்கியிருந்த வீட்டுக்காரி சொன்னாள்.

அப்புறம் அவன் ரோட்டோரமாக முளை அடித்துக்கொண்டு ஸ்கான்லன் வீட்டுப் பக்கம் வந்தான். மாட்டி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கோட்டையை விட்டுவைத்த ஆள் என்று கோல்மன்மேல் அவருக்குப் பெரிய மதிப்பு. “கடவுள் உன் கைய காக்கட்டும் தம்பி. உள்ள வந்து டீ குடிச்சிட்டுப் போ,” என்றார். அந்த நேரம் பார்த்து வின்னி கோழித் தீவன வாளியோடு வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். காலில் சாணி, முழங்கை வரை மாவு. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கோல்மன் வெளுத்துப்போனான். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேலையில் குனிந்துகொண்டான்.

மறுநாளும் மாட்டி கூப்பிட்டார். வேண்டாம் என்றான். சுடச்சுட ரொட்டியும் வெண்ணெயும் என்றார். பசிக்கவில்லை என்றான். அவன் பக்கத்து வீட்டில், அதாவது எங்கள் வீட்டில், வந்து மூன்று ஆள் சாப்பாடு சாப்பிட்டது மாட்டிக்குத் தெரிந்ததும் மனசு உடைந்துபோனார். “என் வீட்டுத் தண்ணி கசக்குதா அவனுக்கு?” என்று என் புருஷனிடம் புலம்பினார். ஊரும் பலவிதமாகப் பேசியது.

காரணம் வின்னிக்குத்தான் தெரியும். கோட்டையில் இருக்கிறவர்கள் கையால் வாங்கிச் சாப்பிட்டவன் வீடு திரும்பமாட்டான் என்பார்கள். அவன் அவளை வெறுத்து ஒதுங்கவில்லை, அவள் பேச்சை உண்மை என்று நம்பியிருக்கிறான். அவனிடம் நடந்ததைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, ஒரு பாத்திரத்தில் டீயும் துணியில் சுற்றிய சோடா ரொட்டியுமாக ரோட்டுக்குப் போனாள்.

“அன்னைக்கு மேல,” என்று ஆரம்பித்தாள், “நான் உங்ககிட்ட சொன்னது...”

“சொல்லாதீங்க,” என்றான்.

அவள் நின்றாள்.

“அம்மா பூசை வெச்சுட்டாங்க,” என்றான். “ஊரே வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி கதவ அவங்களே சாத்தினாங்க. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். இப்ப நீங்க எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம்.”

காற்றில் டீ ஆறிக்கொண்டிருந்தது. வின்னி பாத்திரத்தைப் பார்த்தாள்.

“இது வெறும் டீதான்,” என்றாள்.

“குடிச்சா ஊருக்குப் போக முடியாதுன்னு சொல்வாங்களே.”

அவளுக்குப் பதில் வர நேரமானது. முகம் முழுக்கச் சிவந்த பிறகுதான் வந்தது.

“போகாட்டி என்ன,” என்றாள்.

கோல்மன் அவளையே பார்த்துக்கொண்டு பாத்திரத்தை வாங்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். என் சமையலறை ஜன்னலிலிருந்து நான் பார்த்தது இதை மட்டும்தான். ஒரு ஆள் டீ குடித்ததற்கு மாட்டி ஸ்கான்லன் ஏன் வேலியருகில் நின்று கண்ணைத் துடைத்தார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

வசந்தத்தில் கல்யாணம். கிளேரிலிருந்து கோல்மனின் அம்மா ஹானர் வந்தாள். கறுப்புச் சால்வை, கல்லில் செதுக்கியது போன்ற முகம். விருந்தில் எல்லாரும் ஆடிக்கொண்டிருந்தபோது அவள் வின்னியைக் கையைப் பிடித்துத் தானியக் கொட்டகைக்கு அழைத்துப் போனாள். மகன் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். வின்னிக்கு லூக்கின் அம்மா மழையில் வந்த நாள் ஞாபகத்துக்கு வந்ததாம்.

“நீ எந்தப் பக்கத்துப் பொண்ணா இருந்தா எனக்கென்ன மகளே,” என்றாள் கிழவி. “கடல்கிட்ட கேட்டேன், சாமிகிட்ட கேட்டேன். யாரும் வாயத் தெறக்கல. நீ சொன்ன.”

சொல்லிவிட்டு வின்னியின் இரண்டு கையையும் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். எந்தப் பேச்சுக்காக வின்னி சின்ன வயதிலிருந்து தலைகுனிந்து நடந்தாளோ, அதே பேச்சுக்காக ஒருத்தி கும்பிடுகிற மாதிரி நிற்கிறாள். நான் மனுஷிதான் அம்மா என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவளும் கிழவியும் வெகுநேரம் கொட்டகையிலேயே இருந்தார்கள்.

அவர்கள் வாழ்க்கை எல்லார் வாழ்க்கையும் போலத்தான். கோல்மன் கம்பி வேலையை விட்டுவிட்டு மாட்டியோடு நிலத்தைப் பார்த்துக்கொண்டான். கிளேருக்கு நல்லது கெட்டதுக்குப் போவான், வந்துவிடுவான். புகையிலைச் சண்டை, அரைகுறையாகக் கறந்த பாலுக்குச் சண்டை, எல்லாம் உண்டு. ஒரே ஒரு மகள், ஃபிடெல்மா. அவள் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள். உன் அம்மா கோட்டைக்காரியாமே என்று கேட்கிறார்களாம். கோல்மன் காலணியைக் கழற்றிக்கொண்டே, “ஆமான்னு சொல்லிடு. உனக்கு வழி விட்டு ஒதுங்குவாங்க,” என்றான். வின்னி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். மாட்டி சாகும்வரை பேத்தியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மகள் முகத்தை உற்றுப் பார்ப்பதை அவர் எப்போதோ விட்டிருந்தார்.

கோல்மன் வைக்கோல் போர் போடுகிற ஒரு நாளில் போர் நிழலில் சாய்ந்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அந்த டிசம்பரில் நானும் வின்னியும் கிறிஸ்துமஸ் வாத்துக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தோம். இறகு சமையலறையெங்கும் பறந்தது. அப்போதுதான் அவள் இத்தனையையும் சொன்னாள். நீ கோட்டைக்காரி என்று கோல்மன் உண்மையிலேயே நம்பினானா என்று நான் கேட்டேன். தெரியாது என்றாள். ஒரே கட்டிலில் இத்தனை வருடம் படுத்தும் அந்த ஒரு பேச்சை அவர்கள் எடுக்கவே இல்லை.

“நான் சொன்னது பொய்யாடி பெக்?” என்று கேட்டாள்.

என் பெயர் பெக். நான் பாதிரியார் இல்லை. தம்பி கடலில்தானே போனான், அதில் என்ன பொய் என்றேன்.

“அது இல்ல. கஷ்டப்படலன்னு சொன்னேனே. அது எனக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்றாள். “யோசிச்சு சொல்லல. தெரிஞ்ச மாதிரி சொன்னேன். அந்தப் பனியில எனக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. வெளிய வந்ததும் போயிடுச்சு.”

அதன் பிறகு அவள் வெயில் உள்ள மதியங்களில் கோட்டைக்குப் போய் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் நானும் கூடப் போனேன், என் வயதுக்கு முதல்முறையாக. அங்கே என்ன கேட்கும் என்றேன். ஒன்றும் கேட்காது, கரை காற்றை நிறுத்திவிடும், அவ்வளவுதான் என்றாள். உண்மைதான். வெளியே புல்லெல்லாம் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது, உள்ளே ஒரு இலை அசையவில்லை. முள்மரங்கள் பூத்திருந்தன. வின்னி கரையில் சாய்ந்து, பேசிக்கொண்டே இருந்தவள் பாதியில் தூங்கிப்போனாள். ஃபிடெல்மாவின் கன்றுகள் ஒவ்வொன்றாக இடைவெளி வழியே உள்ளே வந்தன. அவற்றில் ஒன்று நெருங்கி வந்து, அவள் சட்டைக் கையை நிதானமாக நக்க ஆரம்பித்தது. விரட்டலாமா என்று நினைத்தேன். அவள் தூக்கத்தில் சிரிப்பதைப் பார்த்து விட்டுவிட்டேன்.